அவனுக்கு மட்டும் பெருசா?

ஐந்து வயதில் ஒருவனும் எட்டு வயதில் ஒருவனும் இருக்கும் வீட்டில் விடிந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை ஒரே வேலைதான்: பங்கு பிரிப்பது. கல்லைவிட்டு இறங்கும் முதல் தோசை யாருக்கு, லிஃப்ட் பொத்தானை யார் அமுக்குவது, ஆட்டோவில் ஓரத்து இடம் யாருடையது, ரிமோட் யார் கையில், பள்ளி நாளில் கடைசியாகக் குளிக்கப் போவது யார், மூலையில் செத்துக் கிடக்கும் கரப்பான்பூச்சியை முதலில் பார்த்தது யார். அம்மா அப்பாக்கள் இதை ஒரு நிர்வாகச் சிக்கல் என்று நம்புகிறார்கள். பையன்களுக்கு ஒரு குறை இருக்கிறது, சரிசமமாகக் கொடுத்துவிட்டால் குறை தீரும், குறை தீர்ந்தால் வீடு அமைதியாகும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. விடைதான் ஒருநாளும் வந்ததில்லை. என் கட்சி வேறு. பங்குச் சண்டை பொருளுக்காக நடப்பதே இல்லை. சின்னப் பையன்கள் கண்டுபிடித்த விளையாட்டுகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான். தோசை அந்த ஆட்டத்துக்குப் பந்து. பெரியவர்கள் பந்தை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, ஆட்டம் இன்னும் ஏன் நிற்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

முதல் சாட்சியமாகப் பொருளின் விலையையே எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடி உடைந்த நீலப் பிளாஸ்டிக் தம்ளர் ஒன்று ஆறு மாதமாகச் சிங்க்குக்கு அடியில் கிடக்கும், யாரும் சீண்டமாட்டார்கள். தம்பி அதை எடுத்து வாயில் வைத்த நொடியில் அண்ணனுக்கு அதன்மேல் பூர்வீக பாத்தியதை பிறந்துவிடும். இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் மருந்து, எதையும் இரண்டாக வாங்கிவிடு என்பது. ஒரே கடை, ஒரே நிறம், ஒரே விலை, இரண்டு கார். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டில் ஒன்று ‘என்னுது’ ஆகிவிடும், துரதிருஷ்டவசமாக இருவருக்கும் அதே ஒன்று. சமத்துவம் வந்ததும் வழக்கு முடிவதில்லை. அடுத்த விசாரணைக்கு நகர்கிறது. ஜூஸ் ஊற்றும்போது பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். இரண்டு பேரும் முகவாயை மேஜை விளிம்பில் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடி, தம்ளர் மட்டத்துக்குப் பார்வையை இறக்கிக்கொள்வார்கள். ஊற்றுகிறவர் ஒன்றில் ஒரு சொட்டு கூடிவிட்டது என்று மற்றதில் ஒரு சொட்டு விடுவார், அது இரண்டு சொட்டாக விழும், பாட்டில் காலியாகும். ஜூஸைக் குடிக்க அரை நிமிடம், அளக்க ஐந்து நிமிடம். எது முக்கிய நிகழ்ச்சி, எது இடைவேளை என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இந்த ஜூஸ் விஷயத்தில் நம் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டார். அகலத் தம்ளரில் இருக்கும் தண்ணீரைக் கண்ணெதிரிலேயே ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை அதில் தண்ணீர் கூடிவிட்டதாகவே சொல்லும். ஏழெட்டு வயது ஆனபின்தான் அளவு மாறவில்லை என்பது பிடிபடும் என்று அவர் காட்டினார். அதாவது நம் வீட்டு வழக்கில் வாதிக்கு ஒரு கணிதம், பிரதிவாதிக்கு வேறு கணிதம். தம்பிக்கு உயரத் தம்ளரைக் கொடுத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சமாளிக்கலாம், எட்டு வயதுக்காரன் ‘டேய், ரெண்டும் ஒண்ணுதான்டா, உன்னை ஏமாத்துறாங்க’ என்று பொதுநல வழக்குப் போடாதவரை.

இந்த வீட்டுச் சண்டைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய முன்தீர்ப்பு கயிலாயத்தில் வழங்கப்பட்டது. ஒரு மாம்பழம், இரண்டு பையன்கள். வெட்டிக் கொடுக்க வழியில்லை என்று போட்டி வைத்தார்கள்; உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குப் பழம். இளையவன் மயிலேறிப் பறந்தான். மூத்தவன் அம்மா அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இதுதான் உலகம் என்று வாதாடிப் பழத்தை வாங்கிக்கொண்டான். கவனித்துப் பாருங்கள்: அந்தப் பழம் இனித்ததா புளித்ததா என்று இத்தனை நூற்றாண்டில் யாரும் கேட்டதில்லை. நமக்கு நினைவிருப்பது வாதம் மட்டுமே. விதியில் ‘உலகம்’ என்று இருக்கிறது, உலகம் எது என்று விதியில் இல்லை என்ற ஓட்டையைத் தொந்தியோடு உட்கார்ந்தபடியே கண்டுபிடித்த சாமர்த்தியத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். தோற்றவனும் பழத்துக்காகப் போகவில்லை. பழநிக்கு வந்து நின்றது தீர்ப்பின் மேல் வந்த கோபம். வேறு பழத்துக்கா அந்த வீட்டில் பஞ்சம்?

இரண்டாவது சாட்சியத்துக்கு மறுபடியும் பியாஜேயிடம்தான் போகவேண்டும். 1932-இல் வந்த நூலில், குழந்தைகளின் நியாய உணர்வைப் படிக்க அவர் தேர்ந்தெடுத்தது நீதிக்கதைகளை மட்டுமல்ல, கோலிக்குண்டையும்தான். ஜெனீவா, நெஷாத்தெல் நகரத்துப் பையன்களிடம் போய், எனக்கு இந்த ஆட்டம் மறந்துபோச்சு, சொல்லிக்கொடு என்று கேட்டு விதிகளைக் கறந்தார். சின்னஞ்சிறுசுகள் ஆளுக்கொரு விதியில் ஆடி, இரண்டு பேருமே ஜெயித்துவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் விதி ஆதியிலேயே பெரியவர்கள் போட்டது, மாற்றக்கூடாது என்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது, எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்பது வந்துவிடுகிறது. நடுவே என்ன நடந்திருக்கும்? ஏகப்பட்ட சண்டை நடந்திருக்கும். அமெரிக்க சமூகவியலாளர் ஜேனட் லீவர் 1970களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டங்களைக் கவனித்து எழுதியது இதைவிடச் சுவை: பையன்கள் ஓயாமல் தகராறு செய்கிறார்கள், ஆனால் தகராறால் ஆட்டம் நின்றுபோவதில்லை, ஆட்டத்தை எவ்வளவு ரசிக்கிறார்களோ அவ்வளவு அந்த வாதப் பிரதிவாதத்தையும் ரசிப்பதாகத் தெரிகிறது. நம் தெரு கிரிக்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. முதல் பந்தில் அவுட்டானால் அது ‘ட்ரையல் பால்’. ஒரு குத்துக் குத்திப் பிடித்தாலும் அவுட் என்று சில தெருவில், கூடாது என்று சில தெருவில். மதில் தாண்டி அடித்தவன் அவுட், பந்தை எடுத்து வரவேண்டியவனும் அவனே. பேட் யாருடையதோ அவனுக்கு இரண்டு உயிர். ஆள் பிரிக்கச் சாட் பூட் த்ரீ, மூச்சு வாங்க அம்பேல், தோற்கப்போகிறவன் சொல்ல அழுகுணி ஆட்டம், ஓவர் கணக்கில் வராத தம்பிக்கு ஒப்புக்குச் சப்பாணி என்ற பதவி. ஒரு மாலையில் இருபது நிமிடம் பந்து வீசப்படும்; மீதி நேரம் அரசியல் நிர்ணய சபை.

பையன்கள் பையன்கள் என்கிறீர்களே, பெண் பிள்ளைகள் சண்டை போடுவதில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பியாஜே, சிறுமிகளுக்குச் சட்ட நுணுக்கத்தில் ஆர்வம் குறைவு என்று எழுதினார். லீவரும், தகராறு வந்தால் பெண்கள் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள் என்றார். ஆனால் மார்ஜரி குட்வின் என்ற மானுடவியலாளர் அமெரிக்கச் சிறுமிகளின் பாண்டி ஆட்டத்தை வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிப் பார்த்தார். ‘கோட்டை மிதிச்சுட்டே’ என்பதற்கு அங்கே நடந்த வாதம் எந்தப் பையனுக்கும் சளைத்ததில்லை. நம் ஊரில் அக்கா தங்கைகள் பல்லாங்குழி ஆடும் திண்ணைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் பியாஜேயும் பேனாவை மூடி வைத்திருப்பார். ஆக, என் வாதம் பையன்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல. பையன்களின் வழக்கில் சத்தம் கூடுதல், தலையணை சேதம் கூடுதல், அவ்வளவே.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. விளையாட்டு என்கிறீர்கள், கண்ணீர் வருகிறதே, சில நேரம் கையில் பல் பதிகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இந்தியா உட்பட ஏழு நாட்டுப் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்தது. உனக்கு ஒரு மிட்டாய், எதிரில் இருப்பவனுக்கு நாலு. பச்சைக் கைப்பிடியை இழுத்தால் இருவரும் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பை இழுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு மிட்டாயாவது கிடைக்கிறதே என்று இருந்திருக்கலாம். ஏழு நாட்டிலும், வயது ஏற ஏறச் சிவப்பை இழுத்தார்கள். கணக்கைத் திருப்பி, உனக்கு நாலு அவனுக்கு ஒன்று என்றபோது, அதுவும் அநியாயம் என்று மறுத்த வளர்ந்த பிள்ளைகள் அமெரிக்கா, கனடா, உகாண்டா மூன்று நாட்டில் மட்டும் தென்பட்டார்கள். இந்தியா அந்த மூன்றில் இல்லை. வீட்டில் பையன் வைத்திருப்பவர் யாரும் இதைக் கேட்டு மயங்கி விழப்போவதில்லை. ஆக, கோபம் நிஜம். ஆனால் நிஜக் கோபம் இல்லாத ஆட்டம் எது? டக் அவுட்டானவன் மட்டையை வீசி எறிகிறான் என்பதால் கிரிக்கெட் விளையாட்டில்லை என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டா விரோதமா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: எதிராளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். உண்மையான பங்காளிச் சண்டையில் ஒருவன் ஊரைவிட்டுப் போனால் மற்றவன் வெடி வெடிப்பான். தம்பி பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும் வாரத்தில் அண்ணனைக் கவனியுங்கள். முதல் தோசை அவனுக்கே, ஓரத்து இடம் அவனுக்கே, ரிமோட் அவன் மடியிலேயே. முதல் நாள் ராஜாவாக இருப்பான். இரண்டாம் நாள் லிஃப்டில் ஏறி, பொத்தானை அமுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டு மாமா அமுக்குவார். மூன்றாம் நாள், ‘அவன் எப்பம்மா வருவான்?’

அப்படியானால் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா? ரத்தம், மாடிப்படி, கொதிக்கும் சாம்பார் மூன்றும் இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட ஆம். நீதிபதியாக இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம்; தீர்ப்புச் சொன்னவுடன் இரண்டு பேருக்கும் பொது எதிரி நாமாகிவிடுவோம். விதியை மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிடலாம். ஒருவன் வெட்டட்டும், மற்றவன் முதலில் எடுக்கட்டும் என்பது யாவரும் அறிந்த விதி. வெட்டுகிறவனின் நாக்கு வெளியே வந்து, கத்தி முனை நடுங்க, அவன் கேக்கை நெருங்கும் அழகுக்கே இதைச் செய்யலாம். போலந்துக் கணிதவியலாளர் ஹூகோ ஸ்டைன்ஹவுஸ் இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தலைமறைவாகத் திரிந்த காலத்தில், இதையே மூன்று பேருக்கு எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறார்; தலைக்குமேல் கத்தி தொங்கும்போது கேக் கத்தியைப் பற்றி யோசித்த மனிதர். அவர் வழியில் ஒவ்வொருவருக்கும் தன் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்காவது வந்துவிடும். பெரியவர்களுக்கு இது போதும். பையன்களுக்குப் போதாது, அவர்களுக்குத் தன் பங்கு எவ்வளவு என்பது பொருட்டே அல்ல, அடுத்தவன் பங்கு தன்னுடையதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. அந்தக் கடுமையான நிபந்தனைக்கு மூன்று பேருக்கான வழியை 1960 வாக்கில் கணிதவியலாளர் செல்ஃபிரிட்ஜ் கண்டார்; கான்வே என்ற இன்னொரு கணிதவியலாளரும் தனியே அதைக் கண்டார். ஐந்து வெட்டில் முடியும். நான்கு பேருக்கு 2016-இல் அசீஸ், மெக்கென்சி என்ற இருவர் வழி சொன்னார்கள்: அதிகபட்சம் 203 வெட்டு. 203 வெட்டு வாங்கியபின் அதற்குக் கேக் என்று பெயரில்லை, ரவை. நாலு பையன் பெற்ற அந்தக்காலத்து அம்மாக்கள் கேக் வாங்காமல் நேரே உப்புமா கிண்டியதில் ஒரு தொலைநோக்கு இருந்திருக்கிறது.

வெட்ட முடியாத சொத்துகளுக்கு, அதாவது லிஃப்ட் பொத்தான், ஓரத்து இடம் போன்றவற்றுக்கு, முறை வைப்பது ஒன்றே வழி. டெல்லியில் 2016 ஜனவரியில் கார்களுக்குச் செய்த மாதிரி, ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு, இரட்டைப்படைத் தேதி தம்பிக்கு என்று பல வீடுகளில் காலண்டரில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர்கள் இதில் தகராறுக்கு இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள். 31-ஆம் தேதி முடிந்தால் அடுத்த நாள் 1-ஆம் தேதி, இரண்டும் ஒற்றைப்படை. வருஷத்தில் ஏழு மாதத்துக்கு 31 நாள். ஆக அண்ணனுக்கு 186 நாள், தம்பிக்கு 179. லீப் வருஷமானால் பிப்ரவரி 29-ம் அண்ணன் கணக்கில் சேர்ந்து வித்தியாசம் எட்டாகும். இரண்டாம் வகுப்பில் ஒற்றைப்படை இரட்டைப்படை நடத்தும் வரை தம்பிக்கு இது தெரியாது. தெரிந்த அன்று, பாக்கி நாள்களை ஒரே தவணையில், வட்டியோடு கேட்பான். வட்டி என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அண்ணனாகத்தான் இருக்கும்.