உழவுக்குப் பயந்து ஓடியவர் கொடுத்த டிராக்டர்

ஹாரி ஃபெர்குசனுக்கு உழவு வேலை அறவே ஆகாது. அயர்லாந்தின் வடக்கே, டவுன் கவுண்டியில், குரோவெல் என்ற பட்டிக்காட்டில், பதினொரு பிள்ளைகள் உள்ள விவசாயக் குடும்பத்தில் 1884-ல் பிறந்துவிட்டு ஒருவர் இப்படிச் சொன்னால் அப்பாவிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் என்பதை நம்மூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் குதிரையும் சேறும். இரவில் அப்பாவின் வேதப் பாடம். இதிலிருந்து தப்பிக்கக் கனடாவுக்குக் கப்பல் ஏறுவதே வழி என்று 1902-ல் பையன் மூட்டை கட்டினான். அண்ணன் ஜோ குறுக்கே வந்து, பெல்ஃபாஸ்ட்டில் தான் நடத்திய கார், சைக்கிள் பட்டறைக்கு அழைத்துப் போய்விட்டார். கனடா பிழைத்தது.

பட்டறையில் கிரீஸ் துடைக்கச் சேர்ந்தவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனார். அது போதாதென்று ஆகாயத்தில் கண் வைத்தார். 1909 டிசம்பர் 31 அன்று, ஹில்ஸ்பரோவில், தானே கட்டிய விமானத்தில் 130 கஜம் பறந்து காட்டினார். அயர்லாந்தில் எஞ்சின் வைத்த விமானம் தரையைவிட்டு எழும்பியது அதுவே முதல் தடவை. ஊர் கைதட்டியது, கடைக்கணக்கு பார்த்த அண்ணன் தட்டவில்லை. அடுத்தவர் காரைப் பழுதுபார்த்தால் வரவு. தம்பியின் விமானத்தைப் பழுதுபார்த்தால் செலவு. 1911-ல் தம்பி தனிக்கடை போட்டார்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடிக்க மூழ்கடிக்க, பிரிட்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. அயர்லாந்தில் இன்னும் நிலத்தை உழ வேண்டும், அதற்கு டிராக்டர் வேண்டும், அதை ஒழுங்காக ஓட்டவைக்க ஆள் வேண்டும். 1917-ல் விவசாய வாரியம் ஃபெர்குசனைக் கூப்பிட்டது. உழவுக்குப் பயந்து ஓடியவரை அரசாங்கமே தேடிப்பிடித்து, வயல் வயலாகச் சுற்றி வா என்று அனுப்பிவைத்தது.

அங்கே அவர் கண்ட காட்சி பரிதாபம். குதிரை நின்ற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, கலப்பையைப் பழையபடியே பின்னால் கட்டியிருந்தார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க இரும்பின்மேல் இரும்பாக எடையைக் கூட்டினார்கள். எடை கூடக் கூட உழ வேண்டிய மண்ணே இறுகியது. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். குதிரையாக இருந்தால் நின்றுவிடும். அதற்கு மூளை உண்டு. டிராக்டர் நிற்காது. சக்கரம் நகர வழியில்லாமல் எஞ்சினின் முறுக்கு முன்பக்கத்தைத் தூக்கும். வண்டி மல்லாந்து ஓட்டுகிறவர் மேலேயே விழும். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் இந்த வித்தையில் பேர்போனது. 1928-க்குள் அமெரிக்காவில் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1922-ல் அதன் விலை 395 டாலர். வாங்குவதும் மலிவு, சாவதும் மலிவு.

ஃபெர்குசனின் யோசனை எளிமையானது. கலப்பையைப் பின்னால் இழுபடும் தனிச் சாமானாக விடாமல், வண்டியின் உடம்போடு சேர்த்துவிட்டார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி. நம்மூர் மெக்கானிக்குகள் டாப் லிங்க் என்கிறார்களே, அந்த மேல்கம்பிதான் இந்தக் கதையின் கதாநாயகன். மண் இறுகிக் கலப்பையை எதிர்க்கும்போது அந்த விசை டாப் லிங்க் வழியாக வந்து ஒரு சுருள்வில்லை அழுத்தும். வில் ஹைட்ராலிக் வால்வை அசைக்கும். எண்ணெயின் அழுத்தம் கலப்பையை ஒரு சுண்டு மேலே தூக்கும். இறுக்கம் தளர்ந்தால் கலப்பை தானாக இறங்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் ஏறுவதால், எடை குறைந்த வண்டிக்கும் நல்ல பிடிப்பு. பாறையில் மாட்டினாலோ அதே டாப் லிங்க் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கும். சக்கரம் சும்மா சுற்றும். ஓட்டுகிறவர் இறங்கிவந்து பாறையைத் திட்டலாம். திட்ட உயிரோடு இருப்பார் என்பதுதான் இதில் விசேஷம்.

யோசனை வந்துவிட்டது, செய்துதர ஆள் வேண்டுமே. 1933-ல் ஒரு மாதிரி வண்டி செய்து கறுப்புப் பெயின்ட் அடித்தார். அது இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1936-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் பல்சக்கரம் செய்துகொண்டிருந்த டேவிட் பிரவுனுடன் கூட்டுச் சேர்ந்தார். சுமார் 1,350 வண்டிகள் வெளிவந்தன. வண்டியைப் பெரிதாக்கலாம் என்றார் பிரவுன். விலையைக் குறைக்கலாம் என்றார் ஃபெர்குசன். ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கவில்லை. பிரவுன் தனியாக டிராக்டர் செய்யப் போனார். பிற்பாடு ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியையும் வாங்கினார். ஜேம்ஸ் பாண்ட் ஓட்டும் டி.பி.5-ல் உள்ள டி.பி. அவர்தான். ஃபெர்குசனோடு சண்டை போட்டால் வாழ்க்கை உருப்படும் என்பதற்கு முதல் சாட்சி.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு வண்டியோடு அமெரிக்காவில் டியர்பார்ன் போய், ஹென்றி ஃபோர்டின் நிலத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன். அவரும் உழவு வேலை பிடிக்காமல் எஞ்சின் பக்கம் ஓடிவந்தவர். வயலுக்கே மேசை நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து ஃபெர்குசன் தன் சூட்சுமத்தை விளக்கினார். காப்புரிமையை விலைக்குக் கேட்டார் ஃபோர்ட். உங்களிடம் உள்ள பணமெல்லாம் கொடுத்தாலும் கிடையாது என்றார் ஃபெர்குசன். உலகத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரிடம் இப்படிப் பேச வீம்பு மட்டும் போதாது, கொஞ்சம் வாய்க்கொழுப்பும் வேண்டும். கடைசியில் ஃபோர்ட் வண்டி செய்வது, ஃபெர்குசன் விற்பது, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். எழுத்து இல்லை, முத்திரை இல்லை. கை குலுக்கினார்கள், அவ்வளவுதான். பக்கத்து வயல்காரரிடம் பம்புசெட் தண்ணீர் வாங்குவதற்குக்கூட நாம் இதைவிட விவரமாகப் பேசுவோம்.

1939 ஜூனில் ஃபோர்ட் 9என் வந்தது. விலை 585 டாலர். எவ்வளவு சுலபம் என்று காட்ட, எட்டு வயதுப் பையன் ஒருவனை உட்காரவைத்து உழச் சொன்னார்கள். 1947-க்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. தாத்தா கை கொடுத்தார்; 1945-ல் நாற்காலிக்கு வந்த பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். வண்டி செய்கிற ஃபோர்டுக்கு நஷ்டம், விற்கிற ஃபெர்குசனுக்கு லாபம் என்று அதில் இருந்தது. உறவு முறிந்தது. ஆனால் அந்த ஹைட்ராலிக் மட்டும் ஃபோர்டின் புது வண்டி 8என்-இல் அப்படியே உட்கார்ந்திருந்தது. 1948 ஜனவரியில் ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நாலு வருஷம் வக்கீல்கள் நன்றாக உழுதார்கள். 1952-ல் சமரசம்: 92.5 லட்சம் டாலர். கேட்டதில் நாலு சதவீதம்கூடத் தேறவில்லை.

இந்த ரகளைக்கு நடுவில், 1946 முதல், இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அவருக்காக இன்னொரு வண்டியைச் செய்துகொண்டிருந்தது. பெயர் டி.இ.20. நிறம் சாம்பல், வேறு நிறம் கேட்கக் கூடாது. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். கியர் கம்பியை எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் கிளம்பும். கியரில் நிற்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது. கூடவே கொடுத்த ஸ்பேனரில் அங்குலக் கோடுகள் உண்டு. அதுவே நட்டைத் திருகும், அதுவே சால் அளக்கும். லண்டனின் கிளாரிட்ஜஸ் ஓட்டலில் விருந்து வைத்து, அங்கே படிக்கட்டில் இந்த வண்டியை ஓட்டி இறக்கியும் காட்டினார் ஃபெர்குசன். தரைவிரிப்பு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

1953-ல் கனடாவின் மாசி ஹாரிஸ் கம்பெனியோடு வியாபாரத்தை இணைத்தார். 1902-ல் தப்பித்த கனடா கடைசியில் பிடித்துவிட்டது. விலையில் பத்து லட்சம் டாலர் இழுபறி. பேசிப்பேசி அலுத்து, காசைச் சுண்டிப் பார்க்கலாம் என்றார்கள். சுண்டினார்கள். ஃபெர்குசன் தோற்றார். அடுத்த வருஷமே தலைவர் பதவியை விட்டு விலகினார். அவர் போனபிறகு, சாம்பல் மட்டும் என்று அடம்பிடித்தவரின் வண்டிக்குச் சிவப்பும் அடித்தார்கள்.

அவர் இல்லாவிட்டால் என்ன, வண்டி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலரிக்கு அண்டார்டிகாவில் ஒரு எடுபிடி வேலை கொடுத்திருந்தார்கள். கண்டத்தைக் குறுக்கே கடக்கப்போகும் விவியன் ஃபுக்ஸுக்காக வழியில் சாப்பாடும் எரிபொருளும் இறக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபுக்ஸிடம் பனிக்கென்றே செய்த ஸ்னோகேட் வண்டிகள். ஹிலரியிடம் சக்கரத்துக்கு மேல் பட்டை மாட்டிய மூன்று ஃபெர்குசன் டிராக்டர்கள். சாமான்களை இறக்கிவைத்த ஹிலரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், துருவத்தையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று விட்டார் வண்டியை. 1958 ஜனவரி 4 அன்று ஐந்து பேரும் மூன்று டிராக்டர்களும் தென்துருவத்தில் நின்றார்கள். தரைவழியாக அங்கே போய்ச்சேர்ந்த முதல் மோட்டார் வண்டிகள் அவைதான். பயணத் தலைவர் ஃபுக்ஸ் ஜனவரி 19 அன்று வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் மாப்பிள்ளைத் தோழன் மணவறையில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்திருக்கும்.

1960 அக்டோபரில் ஃபெர்குசன் காலமானார். அதே ஆண்டில் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தார் மாசி ஃபெர்குசனோடு சேர்ந்து டாஃபே கம்பெனியைத் தொடங்கினார்கள். செம்பியத்திலிருந்து வண்டிகள் கிளம்பின. 1950-களில் பிறந்த 35 என்ற மாடலின் வம்சம், சிம்சன் எஞ்சின் மாட்டிக்கொண்டு நம் ஊரில் 1035 ஆகி, டெல்டாவில் கேஜ் வீலோடு தொழி கலக்கியது, கரிசலில் கொத்துக் கலப்பையோடு புழுதி ஓட்டியது, கரும்பு ஏற்றியது, கல்யாணத்துக்கு ஆள் ஏற்றியது. ஃபெர்குசன் பெயருள்ள இடத்தில் வழக்கு இல்லாமல் இருக்குமா? அந்தப் பெயர் யாருக்கு என்று, மாசி ஃபெர்குசனைப் பிற்பாடு வாங்கிய அமெரிக்காவின் ஆக்கோவும் டாஃபேயும் 2024-ல் மல்லுக்கட்டி, 2025-ல் சமாதானமானார்கள். இந்தியா, நேபாளம், பூடானில் பெயர் டாஃபேக்கே என்று முடிவாயிற்று.

பழைய வண்டி மீதான மோகம் நம்மூரோடு நிற்கவில்லை; பஞ்சாப், ஹரியானா பக்கம் அது ஃபோர்ட் 3600 மீதும் எச்.எம்.டி. 5911 மீதும் உண்டு. எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. பிரிவைத்தான் மூடினார்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் பழமைப் பாசம் காரணமில்லை. விவசாயிக்குப் பாசம் காட்ட மாடு இருக்கிறது. காரணம், பழைய வண்டிக்குள் இருப்பது இரும்பு, வில், எண்ணெய் மட்டும். மூன்றுக்கும் பாஸ்வேர்டு கிடையாது. இன்றைய பெரிய வண்டி நின்றால் மெக்கானிக் லேப்டாப்போடு வர வேண்டும். பழுதுபார்க்கும் மென்பொருளைத் தன் டீலர்களுக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறது என்று ஜான் டியர் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுக்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது. இதில் ஃபெர்குசனைத் தியாகியாக்கவும் தேவையில்லை. தன் காப்புரிமையை அந்த அளவுக்கு இறுக்கிப் பிடித்த மனிதர் இன்று இருந்தால் முதல் பூட்டு அவருடையதாகத்தான் இருக்கும். நல்லவேளையாகக் காப்புரிமைக்கு ஆயுள் குறைவு. இன்று எந்த நிறத்து வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அவருடைய மூன்று கைகள் தெரியும்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. கலப்பையை மாட்டி மேலே தூக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கலப்பை தரையில் கிடந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். எதை இழுத்தாலும் கீழே உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும். அவசரத்துக்கு டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டினால் வண்டி மல்லாந்துவிடும். அதற்கு ஃபெர்குசனிடமும் மருந்து இல்லை.