மீசைக்கு வந்த மரியாதை

"தொட்டியோட அடியை இதுங்களே சுத்தம் பண்ணிடும் சார்" என்று கொளத்தூர்க் கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் கோரிடோராஸ் என்ற கெளுத்தி மீன் வாங்கினேன். கேட்டது ஒன்று. தனியாக விட்டால் பயந்து மூலையில் ஒடுங்கும், குறைந்தது ஆறு வேண்டும் என்று கட்டிக்கொடுத்தார். பையைத் தூக்கிப் பார்த்த அம்மா, "கெளுத்தின்னா குழம்புக்கு ஒரு கிலோவாச்சும் வேணாமாடா? இதை ஆயறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றார். ஆயவும் முடியாது. இரண்டங்குல உடம்பில் செதிலுக்குப் பதில் இரண்டு வரிசை எலும்புத் தகடு. தென் அமெரிக்க ஆறுகளின் பிறவி.

சுத்தம் என்றது, மிச்சத் தீவனத்தை மேய்வதோடு சரி. கழிவை அள்ளுவது நான்தான். கூரான கல் இவற்றின் மீசையைத் தேய்த்துவிடுமாம். மெல்லிய மணல் வாங்கி அரிசி களைவதுபோல் களைந்தேன். நிஜ அரிசியை நான் ஒருநாளும் களைந்ததில்லை என்பதை மனைவி அப்போதுதானா நினைவுபடுத்த வேண்டும்?

வேடிக்கைக்குக் குறைவில்லை. மணலைக் கிளறிக்கொண்டிருப்பது திடீரென்று விர்ரென்று மேலே பாயும். ஒரு மடக்குக் காற்றை விழுங்கும். அதே வேகத்தில் இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி மீசையை மணலுக்குள் நுழைக்கும். விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது குடல். இதை நான் விளக்கமாகச் சொன்னபோது வந்திருந்த விருந்தாளி பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

சித்திரையில்தான் என் நிலைமை எனக்கே புரிந்தது. இவற்றுக்கு 22 முதல் 26 டிகிரி வரை சுகம். எங்கள் தொட்டி 31-ஐத் தாண்டியது. நீர்ப்பரப்பில் காற்றடித்தால் ஆவியாகிக் குளிரும் என்று டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். அதுவரை அது என் பக்கம் திரும்பியிருந்தது. பனியனோடு விசிறிமட்டையைப் பிடித்து நான் உட்கார்ந்திருக்க, அவை கண்ணைக் கீழே உருட்டின. பார்ப்பதற்கு அது அசல் கண்ணடிப்பு. இந்த வீட்டில் மீசைக்கு மரியாதை கிடைத்தது அன்றுதான், மீசைதான் என்னுடையதில்லை.

ஐப்பசி மழையில் குளிர்ந்த தண்ணீர் மாற்றியதும் முட்டையிட ஆரம்பித்தன. பெண் மீன் வயிற்றடித் துடுப்புகளைக் குவித்து, இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திக்கொண்டு கண்ணாடியெல்லாம் இடம் பார்த்து அலைந்து ஒட்டியது. அப்படியே விட்டால் பெற்றவையே தின்றுவிடும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினேன். அது பாயச செட்டில் ஒன்று. மறுநாள் வீட்டில் விருந்து. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணத்தின் மேல் 'யாரும் தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டினாள். விருந்தாளிகளுக்கு மீதிக் கிண்ணங்களில் பாயசம் வந்தது, எனக்கு டபராவில்.