அக்கினியைப் பெட்டியில் அடைப்பது பற்றிய ஒரு விசாரம்

மலையிலே புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்று அனுமானம் செய்து, அதற்கு மடைப்பள்ளியைத் திருஷ்டாந்தமாகவும் மடுவை எதிர்த் திருஷ்டாந்தமாகவும் காட்டிப் பல நூற்றாண்டுகளாகத் திண்ணைகளில் வாதம் செய்துவந்த நம் நாட்டுத் தார்க்கிகர்கள், இங்கிலாந்து தேசத்துக் கிராமத்து வீடு ஒன்றில் மார்கழி மாலைப் பொழுதொன்றைக் கழிக்க நேர்ந்திருந்தால், தங்கள் சாஸ்திரத்தில் இன்னும் ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏனெனில், அங்கே கூடத்துச் சுவரில் அமைந்திருக்கும் கணப்படுப்பில், நெருப்பு ஓரிடத்திலும் புகை வேறோரிடத்திலும் உஷ்ணம் இவ்விரண்டுமல்லாத மூன்றாவது இடத்திலும் இருப்பதைப் பிரத்தியக்ஷமாகவே காணலாம்: நெருப்பு அடுப்பிலே, புகை கூடத்திலே, உஷ்ணம் ஆகாயத்திலே. இந்த விபரீதத்தைச் சீர்செய்யும்பொருட்டு, கணப்படுப்பின் வாயை மூடி, அதன் வயிற்றுக்குள் சிறியதோர் இரும்பு ஸ்டவ்வை வைத்து, விறகை அதற்குள்ளே எரிக்கலாமா கூடாதா என்பதே இக்கட்டுரையின் விசாரப் பொருள். அற்ப விஷயம் என்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். இதன் நிமித்தம் மன்னர் வரி விதித்திருக்கிறார். பார்லிமெண்டு சட்டம் செய்திருக்கிறது. மேதாவிகள் இருவர் நூல் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் லக்ஷணம். சுவரில் ஒரு மாடம், மாடத்துக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி, மாடத்துக்குள் ஓர் இரும்புக் கிராதி, கிராதியின்மேல் விறகு. இவ்வளவுதான் கணப்படுப்பு. பற்றவைத்ததும் சூடேறிய காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. கிளம்பும்போது தனியாகப் போவதில்லை. கூடத்தில் அதுவரை பாடுபட்டுச் சூடாக்கி வைத்திருந்த காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. போன காற்றின் இடத்தை நிரப்புவதற்காகக் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் பனிக்காற்று நுழைந்து, அடுப்பைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் பிடரியைத் தடவியபடி அடுப்புக்குள் போய்ச் சேருகிறது. ஆகவே, நெருப்பு எத்தனை மும்முரமாக எரிகிறதோ அத்தனை மும்முரமாகக் குளிரும் உள்ளே வரும் என்பது பெறப்படும். முன்புறம் சுட்ட அப்பளமாகவும் பின்புறம் சுடாத அப்பளமாகவும் மனிதர்கள் அமர்ந்திருக்கும் இந்த நிலையைத்தான் அந்நாட்டார் குடும்ப சௌக்கியம் என்று பல தலைமுறைகளாகக் கொண்டாடிவந்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால், நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் உஷ்ணம் அடங்கியிருக்கிறது. திறந்த கணப்படுப்பில் அதில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பங்கு கூடத்துக்குக் கிடைத்தால் அதிகம். இக்காலத்து ஸ்டவ் எழுபது, எண்பது பங்கைக் கூடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. வித்தியாசம் முழுவதும் இதுகாறும் கூரைமேல் உட்கார்ந்திருந்த பறவைகளுக்குச் செய்த தர்மம்.

இத்தகைய பதார்த்தத்துக்கு, அடுப்பு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 2 ஷில்லிங் என்று 1662-இல் வரி விதித்தது இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசாங்கம். வரி வசூலிப்பவர் வீட்டுக்குள் அறை அறையாக நுழைந்து அடுப்புகளை எண்ணிக்கொண்டு போவார். அவர் வருவதற்குள் சில அடுப்புகளைச் செங்கல் வைத்து மூடிவிடும் சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். கணப்படுப்பை அடைத்தவர்களின் சரித்திரத்தில் இவர்களுக்கு உரிய ஸ்தானத்தை நாம் மறுப்பதற்கில்லை, நோக்கம் சிக்கனமே ஒழிய உஷ்ணமன்று என்றாலும். வில்லியமும் மேரியும் பட்டத்துக்கு வந்ததும் 1689-இல் இந்த வரி ஒழிந்தது.

கணப்படுப்பைத் திருத்தப் புறப்பட்ட மேதாவிகள் இருவரும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பிரதேசத்தில் பிறந்தவர்கள். இருவருக்கும் பெஞ்சமின் என்றே பெயர். மூத்தவரான பெஞ்சமின் பிராங்க்ளின், வார்ப்பிரும்பினால் பெட்டி போன்ற அடுப்பு ஒன்றை அமைத்து, 1744-இல் அதன் பெருமையை விளக்கி ஒரு பிரசுரமும் வெளியிட்டார். பென்சில்வேனியாவின் கவர்னர் காப்புரிமை தருவதாகச் சொல்லியும், பிறர் கண்டவற்றை நாம் அனுபவிப்பதுபோல நாம் கண்டதைப் பிறர் அனுபவிக்கட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். லண்டனில் இருந்த இரும்பு வியாபாரி ஒருவருக்கு இவ்வளவு வைராக்கியம் இல்லை; அதில் சில மாற்றங்கள் செய்து, தம் பேரில் காப்புரிமை வாங்கி, கொஞ்சம் பணமும் பார்த்தார். இதில் ஒரு விசேஷம் உண்டு. பிராங்க்ளினின் மூல அடுப்பில், புகை முதலில் கீழே இறங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும் என்பது ஏற்பாடு; ஏறுவதற்கென்றே பிறந்த புகை இதற்குச் சம்மதிக்கவில்லை; பின்னால் வந்தவர்கள்தாம் குழாயைத் திருத்தி அதைச் சமாதானப்படுத்தினார்கள். இளையவரான பெஞ்சமின் தாம்ஸன், அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் ஆங்கிலேயர் கட்சியைச் சேர்ந்து, தாய்நாட்டைவிட்டு வெளியேறி, பவேரியாவில் ஊழியம் செய்து, ரம்போர்டு பிரபு என்ற பட்டத்தோடு லண்டனுக்கு வந்தவர். இவர் அடுப்பைப் பெட்டியில் அடைக்கவில்லை. மாடத்தின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையை நாலு அங்குலமாகச் சுருக்கினார். 1796-இல் இதைக் குறித்து அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களும் படிக்காதவர்களுமாகச் செல்வந்தர் பலர் தங்கள் தொண்டைகளைச் சுருக்கிக்கொண்டார்கள், வீட்டுத் தொண்டைகளைத்தான்.

புகைபோக்கியின் பேரில் ஆங்கிலேயர் செய்த பாவத்தை மட்டும் பரிகாசத்துக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. கரியைச் சுரண்டுவதற்காக ஏழைச் சிறுவர்களை அந்தக் குழலுக்குள் ஏற்றிவந்தார்கள். அந்தத் தொழிலால் வரும் புற்றுநோயைப் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர் 1775-இல் எழுதி வைத்தார். அந்த வழக்கத்தை உள்ளபடி ஒழித்த சட்டம் வந்ததோ 1875-இல். நடுவே சரியாக ஒரு நூற்றாண்டு.

இனிப் பூர்வபக்ஷம். கண்ணுக்குத் தெரியும் ஜ்வாலைதான் குடும்பத்தை ஒன்றுசேர்க்கிறது, பெட்டியில் அடைத்தால் நெருப்பின் ரஸமே போய்விடும் என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். இவர்களைச் சாமானியர் என்று எண்ண வேண்டாம். ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்த்தாங்கர் அபி' நாவலில், பழைய மாளிகைக்கேற்ற பிரும்மாண்டமான கணப்படுப்பை எதிர்பார்த்து வரும் கதாநாயகி, அங்கே ரம்போர்டு முறைப்படி சுருக்கிய அடுப்பைக் கண்டு ஏமாறுகிறாள். ஜார்ஜ் ஆர்வெல், யுத்தம் முடிந்து நிலக்கரிப் பஞ்சம் நீங்காத 1945 டிசம்பரில், திறந்த கணப்படுப்புக்காக வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரையே எழுதினார். அது விரயம் என்பதை ஒப்புக்கொண்டே எழுதினார் என்பது அவருடைய நேர்மை. இன்னோர் ஆட்சேபம் சமயத்தைச் சார்ந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா புகைபோக்கி வழியாக இறங்கிவருவார் என்பது குழந்தைகளின் ஆகமம். ஸ்டவ்வுக்காக இறக்கும் குழாயின் விட்டமோ பெரும்பாலும் 5 அல்லது 6 அங்குலம். பெரியவரின் சரீர வாகைச் சித்திரங்களில் பார்த்த எவருக்கும் இதிலுள்ள சங்கடம் விளங்கும். வாசற்கதவின் சாவியைத் தொட்டிக்கடியில் வைத்துவிடலாம் என்று சில பெற்றோர் செய்யும் சமாதானத்தைச் சிறு குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் அர்த்தபுஷ்டியோடு சிரிக்கிறார்கள்.

கணப்படுப்பை ஸ்டவ்வாக மாற்றும் கிரியையை யார்க்‌ஷயரில் ஒரு பழைய கல்வீட்டில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். வேலையாள் முதலில் பெயர்த்தது 1930-களில் பதித்த பழுப்பு ஓட்டு முகப்பு. அதன் பின்னால் விக்டோரியா காலத்து வார்ப்பிரும்பு வளைவு ஒன்று, இலையும் கொடியுமாக. அதையும் எடுத்து, உள்ளே கொட்டியிருந்த செங்கல் உடைசலை வாளி வாளியாக அள்ளிய பிற்பாடு, ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பழைய கல்மாடம் வெளிப்பட்டது. அதன் தலையிலே கன்னங்கரேலென்று ஒற்றைக் கல் உத்தரம். ஒவ்வொரு தலைமுறையும் தன் பாட்டனாரின் அடுப்பைச் சிறிதாக்கி, அதற்கு நாகரிகம் என்று பெயரிட்டிருக்கிறது! கூரையிலிருந்து தூரிகையை இறக்கியபோது, காக்கை இனத்தைச் சேர்ந்த ஜாக்டா பறவைகள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்திருந்த சுள்ளிகள் இரண்டு சாக்கு நிறைய விழுந்தன. வீட்டுக்காரி அம்மாள் அவற்றை எறியவிடாமல் கொட்டகையில் பத்திரப்படுத்திக்கொண்டாள். பிறகு, வளைந்துகொடுக்கும் எஃகுக் குழாயைப் புகைபோக்கியின் உச்சியிலிருந்து கயிறு கட்டி இறக்கி, மாடத்தின் மேல்வாயை ஒரு தகட்டினால் மூடி, கீழே கற்பலகை பாவி, ஸ்டவ்வை அமர்த்தினார்கள். கார்பன் மோனாக்ஸைடு கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றும் சுவரில் ஏறியது. இது அந்நாட்டுச் சட்டம். கதவின் கண்ணாடிக்கு உட்புறமாகச் சூடான காற்று மேலிருந்து வழிந்துகொண்டே இருப்பதால் அதில் கரி படிவதில்லை. ஜ்வாலை முழுவதும் தெரிகிறது. ஆர்வெலின் பாதி வாதம் இந்தக் கண்ணாடியிலேயே அடிபட்டுப் போகிறது.

ஸ்டவ் சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு தத்துவம் உண்டு. பதினாலு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது தொழிலாளிகளின் வாய்ப்பாடு. ஐந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், இரண்டே முக்கால் மீட்டர் உயரமுள்ள கூடத்துக்கு நாலு கிலோவாட் தாராளம். 'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று எட்டு கிலோவாட் ஸ்டவ்வை வாங்கிவைக்கும் பிரபுக்கள், அரைமணி நேரத்தில் வியர்த்து, காற்றுத் துவாரத்தை மூடி நெருப்பைத் தூங்கவைக்கிறார்கள். விறகின் கனத்தில் முக்கால் பங்கு வாயுவாகக் கிளம்பி எரிவது. காற்றில்லாமல் தூங்கும் நெருப்பிலே அந்த வாயு எரியாமல் குழாயில் ஏறித் தாராகப் படிகிறது. ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்கிறது. புகைபோக்கி தீப்பிடித்த வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்போது, உபரியாக வாங்கிய நாலு கிலோவாட்டின் பலன் ஊருக்கெல்லாம் தெரியவரும்.

இப்போது நம் தார்க்கிகர்களிடம் திரும்புவோம். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பது சரி. நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகையுண்டு என்பது தவறு. ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்புண்டு, புகை இல்லை. அப்படியானால் நெருப்போடு எது சேர்ந்தால் புகை வரும்? ஈர விறகின் சேர்க்கை. இதற்கு அவர்கள் 'ஆர்த்ரேந்தன ஸம்யோகம்' என்று நாமகரணம் செய்து, உபாதிக்கு, அதாவது அனுமானத்தைக் கெடுக்கும் மறைவான நிபந்தனைக்கு, உதாரணமாகவே வைத்துவிட்டார்கள். இங்கிலாந்து அரசாங்கம் 2021-இல் செய்தது என்ன? நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் ஈரமுள்ள விறகைச் சிறு கட்டுகளாக விற்கக்கூடாது என்று விதித்தது. ஆர்த்ரேந்தன ஸம்யோகத்துக்குத் தடை! தர்க்க சாஸ்திரத்தை முழுதும் அமலுக்குக் கொண்டுவந்த முதல் ராஜாங்கம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 1952 டிசம்பரில் லண்டன் மாநகரம் ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகையில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1956-இல் புகைக்கெதிராகச் சட்டம் செய்த பார்லிமெண்டின் சந்ததியார்க்கு இந்தச் சிரத்தை வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனாலும் ஸ்டவ்காரர்கள் இறுமாந்துவிடக் கூடாது. இரும்புக் குண்டைப் போல இரும்புப் பெட்டி நிர்தூமம் அன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை அதுவும் வெளியிடுகிறது. கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கூடத்துக்கே வருகிறது. வேறு உஷ்ண சாதனம் உள்ள நகரவாசி விறகை எரிப்பது அவசியந்தானா என்று அந்நாட்டு வைத்தியர்கள் கேட்கும் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் மறுப்பு இல்லை.

நம் நாட்டில் இந்த விசாரம் செல்லுபடியாகும் இடம் மலைவாசஸ்தலங்கள். ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டியதைத் தொடர்ந்து எழுந்த பங்களாக்களில் கணப்படுப்புகள் இன்றும் இருக்கின்றன. சுற்றுலா வந்தவர் ஒரு நாள் இரவு தனிக்கட்டணம் செலுத்தி, யூகலிப்டஸ் கட்டைகளைக் கொளுத்தச் சொல்லி, அதன் முன்னே படம் பிடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கம்பளிக்குள் புகுந்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது காட்சி. அதைக் கணப்படுப்பு குறைவறத் தருகிறது. அந்த அடுப்பை இடிக்க வேண்டாம்.

ஐப்பசி முதல் பங்குனி வரை தினந்தோறும் விறகெரித்துக் குளிர்காயும் வீட்டில் ஸ்டவ்வே சித்தாந்தம். அதற்கான கடைக்குப் புறப்படும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் விறகை வாங்கிப் பிளந்து, மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்கிவிடுங்கள். ஓக் கட்டையானால் அது உலர இரண்டு கோடை பிடிக்கும். அதற்குள் எந்த ஸ்டவ் வாங்குவது என்று வீட்டில் ஒரு முடிவு ஏற்பட்டிருக்கும்.