விமர்சனம் எழுதப் போற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, நீ பாட்டுக்கெல்லாம் விமர்சனம் எழுதப் போறியாமே? கோட்டுச்சேரி கடைத்தெரு டீக்கடை வரைக்கும் சேதி வந்துடுச்சு. நல்ல பொழப்புடா. வெயில்ல நிக்க வேணாம், நாத்துப் பறிக்க வேணாம், பாட்டைக்கூடக் கேக்க வேணாம்.

சிரிக்காத. 2024 மார்ச் 25-ல 'இனிமேல்'னு ஒரு பாட்டு வந்துச்சே, அதை வச்சே தொழிலைக் கத்துக்க. இசை சுருதி ஹாசன். வரி அவங்க அப்பா கமல். காசு போட்டது அப்பா கம்பெனி. சுருதிக்கு ஜோடியா நடிச்சது டைரக்டர் லோகேஷ் கனகராஜ். காதலிச்சு, கல்யாணம் கட்டி, சண்டையும் போட்டுக்கிற ஒரு ஜோடியோட கதை, ஒரே பாட்டுக்குள்ள. ஊரு எதைப் பேசுச்சு? "'கைதி' படத்துல கதாநாயகியே வைக்காத மனுசனுக்கு லவ்வு வருதா பாரு!" பாட்டு முடியறவரைக்கும் ஊருக்கே அவரு முகத்துலதான் கண்ணு. மெட்டு எப்படின்னு எழுதினவனைத் தேடித்தான் பிடிக்கணும்.

நீயும் அப்படியே எழுது. முதல்ல ஜோடிப் பொருத்தம், ஜாதகம் பாக்குற மாதிரி. அப்புறம் அப்பன் பேரு. அதுக்கப்புறம் அவங்க கட்டின துணி, போட்ட மை. கடைசியில எடம் மிஞ்சினா "இசை பரவாயில்லை"ன்னு போட்டுட்டுப் படுத்துக்க.

ஒண்ணு சொல்லிடறேன். அப்பன் வாசலைத் தொறந்து விட்டாருங்கறது நெசம். அதை எழுதினா தப்பே இல்ல. ஆனா வாசலைத் தொறந்தவரு மெட்டுப் போடலையேடா! 1992-ல 'தேவர் மகன்'ல இளையராஜா இசையில பாடினப்ப அந்தப் புள்ளைக்கு ஆறு வயசு. 2009-ல 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு இசை. '3' படத்துல தனுஷோட சேர்ந்து 'கண்ணழகா'. 2020-ல 'எட்ஜ்'னு இங்கிலீசுல தானே எழுதித் தானே பாடினாங்க. இதையெல்லாம் மறந்தும் எழுதிடாத. படிக்கிறவன், "அப்ப இந்தம்மாவுக்குத் தொழில் தெரியும்போல இருக்கே"ன்னு சந்தேகப்பட்டுடுவான்.

நம்ம காரைக்காலை ஆண்டானே பிரெஞ்சுக்காரன், அவன் மட்டும் ஒழுங்கா? 1969-ல ஜேன் பிர்கின்னு ஒரு நடிகை, பிரெஞ்சுப் பாட்டுக்காரன் செர்ஜ் கேன்ஸ்பூரோட ஜோடியா ஒரு பாட்டுப் பாடினா. அந்தம்மா விட்ட மூச்சைப் பத்தியே ஊரெல்லாம் பேச்சு. பிபிசி தடை போட்டுச்சு, வத்திக்கான் திட்டுச்சு. ராகத்தை ஒருத்தனும் திட்டலை. திட்டணும்னா கேக்கணுமே!

இதையெல்லாம் அப்பவே கண்டுக்கிட்டவ நம்ம காரைக்கால் அம்மைடா. அழகைக் கழட்டி வச்சுட்டு, பேய் உருவத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டுல்ல பாடினா. "இப்பவாவது பாட்டைக் கேளுங்கடா"ன்னு நெனைச்சிருப்பாளோ என்னமோ. நாம கேட்டோமா? ஆனி மாசம் அம்மையோட மாங்கனித் திருவிழாவுல மாடியிலேருந்து மாம்பழம் வீசுவாங்க, கையை விரிச்சுக்கிட்டு முண்டியடிச்சு நிப்போம். அவ பாடின பதிகத்துல ரெண்டு வரி சொல்லுன்னா, மாங்கொட்டை தொண்டையில சிக்கினவன் மாதிரி முழிப்போம். உங்க அப்பனும்தான், நானும்தான்.

சரி, அந்தப் போனை இப்படிக் குடு. படம் தெரியாம கவுத்து வை. இப்ப பாட்டைப் போடு. சத்தமாப் போடு, இந்தக் காது கொஞ்சம் மந்தம். லோகேசு சிரிக்கிறாரான்னு உங்க ஆயா எட்டிப் பாக்குறா பாரு, அவளுக்கு அப்புறமாக் காட்டிக்கலாம்.