கண்ணாடிப் பொட்டியில தப்பட்டை

ஏங்கண்ணு, உங்க காலேஜுல ஹிப்ஹாப்புக்குக் கண்காட்சி போடறீங்களாமா? உங்கம்மா போன்ல சொன்னா. நார்வே தேசத்துல அவுங்க ஹிப்ஹாப்பையும், வடக்கு மூலைல இருக்கற சாமி சனங்களோட ஹிப்ஹாப்பையும் கண்காட்சியா வெச்சாங்களாமா, நாமளும் வெக்கோணும்னு நீ சோறு தண்ணி இல்லாமத் திரியறயாமா. வெய்யி, ஆரு வேண்டாங்கறா. அப்புச்சிக்கு இதைப்பத்தி என்ன தெரியும்னு மட்டும் நெனைச்சுப் போடாத. போன ஆடி நோம்பிக்கு வந்தவன் திண்ணைல அந்த ஸ்பீக்கரை வெச்சு அலற வுட்டயல்ல, கட்டுத்தரைல எருமை பால் சுரக்கல. நான் மட்டும் உக்காந்து கேட்டேன். காது மந்தமானதுல எனக்குக் கெடச்ச லாபம் அதொண்ணுதான்.

மொதல்ல அமெரிக்காப் படத்தைத்தான் மாட்டுவே. மாட்டிக்க. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸுல 1520 செட்ஜ்விக் அவென்யூங்கற கட்டடம். ஜமைக்காவுல இருந்து பொழைக்க வந்த குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க். பள்ளிக்கூடம் தொறக்குது, தங்கச்சி சிண்டிக்குப் புதுத்துணி எடுக்கோணும், கையில காசில்ல. அண்ணனும் தங்கச்சியும் பாட்டுப் போட்டு ஆட்டம் வெச்சாங்க. பொண்ணுகளுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டுல தாளம் மட்டும் வார எடத்துல சனம் துள்ளுதுன்னு பாத்துப்போட்டு, ஒரே பிளேட்டு ரண்டு வாங்கி, ஒண்ணு முடிய முடிய இன்னொண்ணுல அதே எடத்தை ஓட்டினான். அம்புட்டுத்தான் விசயம். நம்மூரு மைக்செட்டுக்காரரும் அந்தக் காலத்துல ஊசி தேஞ்ச பிளேட்டைப் போட்டுட்டுத் தூங்கிப் போவாரு, ஒரே வரி விடிய விடிய ஓடும். அவரை ஆரும் மேதைன்னு சொல்லல. வசவுதான் வுழுந்துச்சு.

நார்வேக்காரங்களைச் சுருக்கா முடிச்சுப்போடு. கார்ப்பேன்னு ரண்டு பேரு, 2022 ஆகஸ்டுல ஆஸ்லோவுல இருக்கறதுலயே பெரிய அரங்குகள்ல ஒண்ணை எடுத்துப் பத்து ராத்திரி நெரப்பினாங்க. ஒருத்தரு பேரு சிராக் படேல், வேரு நம்ம குஜராத்து. இன்னொருத்தரு எகிப்து வழி. அந்தத் தேசத்துல பெரும் பேரெடுத்த ராப்பு பாதி வந்தேறி வூட்டுது, அதைச் சுவத்துல எழுதி வெய்யி, பாக்க வார சில பேருக்கு நல்லாச் செரிக்கும்.

ஆனா சாமி சனங்க பக்கம் வரும்போது கொஞ்சம் நின்னு போகோணும் கண்ணு. அவுங்க நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யான்னு நாலு தேசத்து வடகோடியில கலைமான் மேய்ச்சு, மீன் புடிச்சு இருந்தவங்க. யோய்க்னு பாடுவாங்க, மேளம் அடிச்சுக் குறி பாப்பாங்க. பாதிரிமாரு வந்து யோய்க்கு பாவம், மேளம் பிசாசுன்னு சொல்லிப்போட்டாங்க. 1691ல ஆண்டர்ஸ் பௌல்சன்னு ஒரு கெழவரு கையில இருந்த மேளத்தைப் புடுங்கிட்டு, மக்கா வருசம் வாட்சோங்கற ஊருல சூனியம் வெச்சார்னு வழக்காடினாங்க. தீர்ப்பு வாரதுக்குள்ள, காவல்ல கெடந்தவரைப் புத்தி பெசகினவன் ஒருத்தன் கோடாலியால வெட்டிப்போட்டான். கெழவரு மண்ணுக்குப் போனாரு, மேளம் டென்மார்க் அரண்மனைக்குப் போச்சு. பொறவு அது மியூசியப் பொருளாச்சு. 2022லதான் காராஷோக்குல இருக்கற சாமி மியூசியத்துக்கே உரிமையா எழுதிக் குடுத்தாங்க. முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு மேளத்தோட உரிமை வூடு திரும்ப. அடிக்கறவன் குத்தவாளி, அடிக்கற பொருளு பொக்கிசம். இதை நீ உன்ற வாசப்படியிலயே எழுதோணும்.

பேச்சும் அப்படித்தான். பையன் புள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடத்துல போட்டு, சாமி பாஷை வாயில வரக்கூடாதுன்னு அதட்டி வளத்தாங்க. அந்தப் பாஷையிலதான் இப்ப மாசேங்கற குக்கிராமத்துப் பையன் ஸ்லின்கிரேஸ் ராப்புப் பாடறான். அந்த மாசே ஊரையே மொதல்ல அணையில முக்கிப் போடறதாத்தான் திட்டம். சனம் சண்டை போட்டு அது தப்பிச்சுது, அணை வேற மாதிரி வந்துச்சு. அந்த அணையை எதுத்துத்தான் 1979ல ஆஸ்லோ பார்லிமெண்டு வாசல்ல சாமி ஆளுக கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. 1989ல அவுங்களுக்குன்னு தனி நாடாளுமன்றம் தொறந்தாங்க, அந்தக் கலகத்துக்குப் பொறவுதான். பின்லாந்துப் பக்கம் அமோக்னு இன்னொருத்தன். அவன் பாடற இனாரி சாமி பாஷையைப் பேசறவங்க உலகத்துல முந்நூறு நானூறு பேருதான். அந்தியூரு வாரச்சந்தைல வெத்தலைக் கட்டு எறக்கற எடத்துல அதைவிட ஆளு நிக்கும். 2007ல அந்தப் பாஷையில முழு ஆல்பமே போட்டுப்போட்டான். நீயோ எட்டுக் கோடிப் பேரு பேசற பாஷையை வாயில வெச்சுட்டு, இங்கிலீசுல பாடினாத்தான் 'ரீச்' ஆகும்ங்கறே. ஆவட்டும். உன்ற பாட்டுல என்ன காரு வருது? லம்போர்கினியா? நம்மூட்டு வாசல்ல டிவிஎஸ் எக்ஸெல் நிக்குது கண்ணு, அதுக்கே பெட்ரோலு உங்கப்பன் போடறான்.

சரி, நம்ம பக்கம் வா. என்ன வெக்கப் போறே? 1994ல வந்த காதலன் படத்துப் பேட்டை ராப்பு இருக்கோணும். அதுல தேனி குஞ்சரம்மா குரலு வருது பாரு, அந்தம்மா நாட்டுப்புறப் பாட்டுக்காரி. எந்தப் பிராங்க்ஸும் பாக்காத தொண்டை அது. அப்பறம் மலேசியாவுல யோகி பி-யும் நட்சத்ராவும் 2006ல போட்ட வல்லவன் ஆல்பம். ரப்பர் தோட்டத்துக்கு மூட்டை கட்டிட்டுப் போன சனத்தோட பேரன்மாருதான் அங்க தமிழ் ராப்பை மொதல்ல நெலை நிறுத்தினது, இங்க இருந்து அங்க போகல, அங்க இருந்துதான் இங்க வந்துச்சு. அதுக்குப் பொறவுதான் நம்ம கோயமுத்தூரு ஆதி. 2012ல ஹிப்ஹாப் தமிழன் ஆல்பம். இப்ப நடிக்கறாரு, படம் எடுக்கறாரு, தமிழ் எழுத்து வந்த வரலாத்தைத் தமிழின்னு தொடராவே எடுத்தாரு, பாரதியார் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டமும் வாங்கிப்போட்டாரு. அவரு படத்தை ஆளுயரத்துக்கு நீ வெப்பே, நான் சொல்லாட்டியும் வெப்பே. உங்கம்மாவும் வந்து அதுக்குப் பக்கத்துல நின்னு செல்பி எடுப்பா. அதோட கண்காட்சி முடிஞ்சுதுன்னு நெனைச்சா, நீ நடத்தறது கண்காட்சி இல்ல, ரசிகர் மன்றம்.

ஈரோட்டுக்காரன் பேரனாச்சே, ஊருப் பக்கமும் கொஞ்சம் தோண்டு. சுவத்துல கிறுக்கறது ஹிப்ஹாப்புல ஒரு பங்குங்கறே. கொடுமணலுக்குப் போ. ரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே பானை ஓட்டுல கீறல் போட்டு, பேரு எழுதி வெச்சிருக்கான். போலீஸ் தொரத்தாத காலம், நிதானமா எழுதியிருக்கான். தரையில ஆடற ஆட்டமா? புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு உன்ற சேக்காளிகளைக் கூட்டிட்டு வா. தப்பட்டை அடிக்கு நாட்டியக் குதிரை காலெடுத்து வெக்கறதைப் பாத்துப்போட்டு அவனவன் ஷூவைக் கழட்டித் தோள்ல மாட்டிக்குவான். வாய்ப்பாட்டுக்கு அண்ணமாரு சாமி கதை இருக்குது. உடுக்கையடிச்சு ஒருத்தரு பாட, பின்பாட்டுக்காரரு இடையில பூந்து கேள்வி கேக்க, ராத்திரி ராத்திரியாப் பொன்னரு சங்கரு சண்டை ஓடும். அதை 1965ல காங்கயத்துக்குப் பக்கம் ஓலப்பாளையத்துல உக்காந்து டேப்புல புடிச்சது, அப்ப ஆக்ஸ்போர்டுல படிச்சிட்டிருந்த பிரெண்டா பெக்குங்கற அம்மணி. நம்மாளுக அப்ப எம்ஜியார் படத்துக்கு வண்டி கட்டிட்டிருந்தாங்க. நானுந்தான் அந்த வண்டியில இருந்தேன், அது வேற நாயம்.

இப்ப தப்பட்டைக்கு வாரேன். சாமி சனங்க மேளத்தைப் பாதிரிமாரு எரிச்சாங்கன்னு படிச்சதும் உனக்கு ரத்தம் கொதிக்குது. நம்மூருல ஆரும் எரிக்கல. நாம அதைவிடக் கெட்டிக்காரங்க. நோம்பிக்குத் தப்பட்டை வேணும், சாவுக்கு வேணும், கெடா வெட்டுக்கு வேணும். அடிக்கறவரு மட்டும் கோயல் வாசலுக்கு அக்கட்டால நிக்கோணும், டீக்கடைல அவருக்குத் தனி டம்ளரு. மேளம் உள்ள, மேளக்காரரு வெளிய. இது இன்னும் பூராவும் போகல, உனக்கும் தெரியும், தெரியாத மாதிரி போனை நோண்டுவே.

அதனாலதான் 2018 ஜனவரில மெட்ராஸ் கீழ்ப்பாக்கத்துல சினிமா எடுக்கற பா.ரஞ்சித்தும் இசையமைக்கற டென்மாவும் சேந்து ஒரு மேடையைப் போட்டப்ப ஊரே திரும்பிப் பாத்துச்சு. கானா, ராப்பு, ராக்கு, பறை எல்லாம் ஒட்டுக்கா. பேரு காஸ்ட்லெஸ் கலெக்டிவ், அயோத்திதாச பண்டிதரு நூறு வருசத்துக்கு முன்னாடி சாதியற்ற தமிழர்னு சொன்னதை எடுத்து வெச்ச பேரு. அதுல இருந்து வந்தவன் அரக்கோணத்து அறிவு. அவன் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஒழைச்சவங்க. அந்தக் கதையைத்தான் 2021ல எஞ்சாய் எஞ்சாமியாப் பாடி, உலகம் பூரா ஆட வெச்சான். அதே வருசம் ஆகஸ்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையோட அட்டைப் படம் வந்துச்சு. அந்தப் பாட்டைக் கூடப் பாடின தீங்கற பொண்ணு இருந்தாங்க, யாழ்ப்பாணத்துல பொறந்து கனடாவுல ராப்புப் பாடற ஷான் வின்சென்ட் டி பால் இருந்தாரு, எழுதினவன் இல்ல. ரஞ்சித்து கேட்டாரு, சனம் கேட்டுச்சு, பொறவு அறிவுக்குத் தனியா ஒரு அட்டை போட்டாங்க, இன்டர்நெட்டுல. உன்ற கண்காட்சில ரண்டு அட்டையையும் பக்கம் பக்கமா மாட்டு. கீழ ஒரு வரியும் எழுத வேண்டாம்.

இன்னொண்ணு சொல்லோணும், மறந்துபோவேன். நார்வேல ஃபோசன்னு ஒரு எடத்துல கலைமான் மேயற நெலத்துல காத்தாலை நட்டாங்க. 2021ல உச்ச நீதிமன்றமே அது சாமி ஆளுக உரிமைக்கு வெரோதம்னு சொல்லிப்போட்டுது. காத்தாலை பாட்டுக்குச் சுத்திட்டிருந்துச்சு. 2023ல சாமி இளசுக போயி அமைச்சகத்துக்குள்ளயே உக்காந்துட்டாங்க, அதுல எல்லா மேரி ஹேட்டா இசாக்சன்னு ஒரு பாட்டுக்காரப் பொண்ணும் இருந்துச்சு. இப்ப நீ வடக்கால திரும்பிப் பாரு. பர்கூரு மலை தெரியுதா? அங்க பட்டி போட்டு மலைமாடு மேய்க்கறவங்க இருக்காங்க, சோளகரு இருக்காங்க. 2024ல அந்தக் காட்டைத் தந்தை பெரியார் சரணாலயம்னு அறிவிச்சாச்சு. மேச்சலுக்கு என்ன ஆகும், பட்டிக்கு என்ன ஆகும்னு அவுங்க மனு எழுதிட்டிருக்காங்க. அவுங்களுக்கு மனு எழுத ஆளிருக்குது, பாட்டெழுத ஆளில்ல. உனக்குப் பாட்டெழுத வருது, எழுத விசயமில்ல. நான் ஒண்ணும் சொல்லல, பஸ்ஸு அந்தியூருல இருந்து நேரா மேல போகுது.

கடைசியா, தொறப்பு விழா. ரிப்பன் வெட்ட ஆரைக் கூப்புடறதுன்னு உங்க கமிட்டி அடிச்சுக்குதாமா. யாரையோ கூப்புடுங்க, அது உங்க பாடு. ஆனா தப்பட்டை அடிக்க நம்மூருல இருந்து நாலு பேரைக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னயல்ல, அவுங்களுக்கு மத்தியானச் சாப்பாடு உங்க கேண்டீன்லயே, விருந்தாளிக உக்கார அதே மேசையிலதானான்னு பிரின்ஸ்பாலுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வா. ஆமான்னாருன்னா அப்புச்சியும் ஒரு எலைக்கு வாரேன். பாக்கலாம்னாருன்னா, தப்பட்டையை வேனுல ஏத்தாத, கண்காட்சியை நார்வே படத்தை மட்டும் மாட்டி நடத்திக்க.