பாத்தி கட்டிய ராஜத் துரோகம்

ஜெர்மனியின் துரிங்கிய வனப்பிரதேசத்திலே பிறந்து, இளமையில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பயின்று, 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு ஸ்தாபனம் தொடங்கிய ஃபிரோபெல் என்பவர், குழந்தைகளுக்குத் தனித்தனியே பாத்தி ஒதுக்கி, விதைத்து, நீர் வார்த்து, முளை விடுவதைக் கண்ணாரக் கண்டு கற்கட்டும் என்று தோட்டத்தில் விட்டுவிட்டார். பால்மணம் மாறாதவர்கள் மண்ணைக் கிளறுவதால் ராஜ்யத்துக்கு யாது அபாயம் என்று நம்மைப் போன்ற பாமரர் கேட்கலாம். ஆளுவோரின் தீர்க்கதரிசனம் நமக்கு ஏது? 1848-ஆம் ஆண்டுப் புரட்சியின் நடுக்கம் இன்னும் தணியாதிருந்த பிரஷ்ய அரசாங்கம், அம்முறையில் நடந்த பள்ளிகளில் நாஸ்திகம் விளைகிறதென்று கண்டுபிடித்து, 1851-இல் தடை உத்தரவு பிறப்பித்தது. தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பிரசுரத்தை எழுதியவர் தம் தமையனாரின் புதல்வர் கார்ல் என்றும், தாம் வேறு ஆசாமி என்றும் கிழவர் எழுதிய விண்ணப்பங்களால் பயன் ஏதும் விளையவில்லை. மறு வருஷமே அவர் காலமானார். தடை நீங்கியதோ 1860-இல். (சர்க்கார் காகிதத்துக்கு முளைவிடும் பருவம் சற்று நீண்டது.)

ஆயினும் அந்த மந்திரிமாருக்கு ஒரு மரியாதை உண்டு: குழந்தை மண்ணைத் தொட்டால் ஏதோ நிகழும் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். நம் ஊர் எல்.கே.ஜி. நிர்வாகிகள் பலருக்கோ உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. முற்றத்தில் சிமெண்டுத் தளம் பரப்பி, மரத்தைச் சுவரில் சித்திரமாகத் தீட்டி, 'இயற்கைக் கல்வி' என்று ரசீதில் தனியாக ஓர் இனம் சேர்த்துவிட்டார்கள்.