கோலத்துக்கு இலக்கணம் எழுதிய ஊர்

1980களின் தொடக்கத்தில் எங்கள் பெருங்களத்தூரில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்த பையனுக்கு மதிப்பே தனி. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று படித்து முடித்தால் பொறியியலோ பாலிடெக்னிக்கோ. பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஆலை. அங்கே வேலை கிடைத்துவிட்டால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். கணக்கோடு சேர்த்து வரலாறும் படிக்க முடியுமா என்று நான் பள்ளியில் கேட்டேன். சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "ரெண்டும் ரெண்டு திசைடா. ஒண்ணைப் பிடி" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக்கு ப்ளஸ் டூ முறையே 1978இல்தான் வந்திருந்தது. நான் கேட்ட மாதிரி ஒரு குரூப் அவரிடம் இல்லை.

அந்தப் பள்ளியிலிருந்து சைக்கிளை மிதித்தால் அரை மணி நேரத்தில் கிழக்குத் தாம்பரம், சென்னை கிறித்துவக் கல்லூரி. அதே வருடங்களில் அங்கே புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் பல்லவர் சிற்பங்களின் முகத்தையும் உடலையும் அளந்து, அந்த அளவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கிஃப்ட் சிரோமணி என்று பெயர். தாம்பரத்துப் பறவைகளைப் பற்றி எழுதினார். மாமல்லபுரச் சிற்பங்களின் உடைகளையும் நகைகளையும் ஆராய்ந்தார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினிக்கு அடையாளம் காட்டும் வழியைப் பற்றி 1978லேயே கட்டுரை வெளியிட்டார். பிறகு பிராமி எழுத்துக்கும் அதைச் செய்தார். எங்கள் தெருவில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன்.

மார்கழியில் ஒரு நாள் காலை அந்த அண்ணன் நோட்டும் பென்சிலுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா அப்போதுதான் கம்பிக் கோலம் போட்டு முடித்திருந்தார்.

"அத்தை, இதை எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

"ஏம்ப்பா, சரியா வரலியா?"

"அதில்ல அத்தை. கை முதல்ல எந்தப் பக்கம் போச்சு, எங்க வளைஞ்சுதுன்னு தெரியணும்."

அம்மா சிரித்துவிட்டு, ஈரத் தரையில் பக்கத்திலேயே மறுபடி புள்ளி வைத்தார். இடுக்குப் புள்ளி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு விடாமல் இழைந்து இறங்கியது. ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து, அடுத்ததை ஒதுக்கி, ஏற்கெனவே போட்ட கம்பியைக் குறுக்கே தாண்டி, கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே வந்து முட்டியது. கை ஓரிடத்திலும் தூக்கப்படவில்லை. அண்ணன் நோட்டில் படம் வரையவில்லை. நேரே, வலப்பக்கம் அரைவட்டம், நேரே, இடப்பக்கம் என்று கை போன வழியை மட்டும் சின்னச் சின்னக் குறிகளாக எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அதைவிட அதிகம்.

அண்ணன் அன்று செய்தது எதன் தொடர்ச்சி என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். மொழியில் சொற்கள் எந்த விதிப்படி கூடி வாக்கியமாகின்றன என்று விளக்க மொழியியலில் நோம் சாம்ஸ்கி தொடங்கிவைத்த முறையைக் கணினி அறிவியல் எடுத்துக்கொண்டது. வாக்கியம் ஒரே வரிசையில் ஓடும். கோலமோ நாலு பக்கமும் பரவும். ஆகவே விதியை இரண்டு திசைக்கும் விரித்தார்கள். சின்னக் கோலத்திலிருந்து அடுத்த அளவு, அதிலிருந்து அதற்கடுத்தது என்று ஒரே விதிக் கூட்டம் ஒரு கோலக் குடும்பத்தையே பெற்றெடுக்கும். செடி வளரும் விதத்தை விளக்க 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் வகுத்த விதிகளும் பின்னால் கோலத்தோடு சேர்ந்துகொண்டன. மொழியியல், தாவரவியல், கணினி, கணிதம் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் நம் வீட்டு வாசல். இதைப் படித்தபோது அடைந்த மகிழ்ச்சியை என்னால் மறைக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

சிரோமணி தனி ஆளும் இல்லை. மைக்கேல் லாக்வுட் அதே கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். தயானந்தன் தாவரவியல் பேராசிரியர். இவர்கள் இருவரும் சிரோமணியும் சேர்ந்து 1974இல் மாமல்லபுர ஆய்வுகளை ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். மூவரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறைக்காரர் இல்லை. மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் ஒருவனே எழுப்பியவை என்று 1962இல் தொல்லியலாளர் நாகசாமி ஒரு கருத்தை வைத்திருந்தார். அந்த விவாதத்தில் இவர்கள் மறுபக்கம் நின்றார்கள். யார் சொன்னது சரி என்பதல்ல எனக்குப் பெரிது. கல்லில் செதுக்கிய நகையையும் ஆடையின் மடிப்பையும் பார்த்துக் காலத்தை எடைபோட ஒரு புள்ளியியலாளர் துணிந்தார். அதை ஒருவரும் அத்துமீறல் என்று நினைக்கவில்லை.

இது எப்படி நடந்தது? அந்த வளாகத்துக்கே இதில் பங்குண்டு என்பேன். 1937இல் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது 350 ஏக்கருக்கு மேல் புதர்க்காடு. அங்கே செடிகொடிகளை ஆராய்ந்த எட்வர்டு பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். தாவரவியலார் அவர் பெயரைச் செடிகளுக்கே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் குடியிருப்பும் மாணவர் விடுதிகளும் அந்தக் காட்டுக்குள்ளேயே இருந்தன. வகுப்பு முடிந்ததும் ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை. மாலை என்ற ஒன்று அவர்களுக்கு இருந்தது.

அந்த மரங்களுக்கடியில் வரலாறு படித்த இன்னொருவர் தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் சேர்ந்து தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக 1998இல் ஓய்வு பெற்றார். உத்தியோகத்தில் இருந்தபடியே, விடுதலைப் போராட்டக் காலத்து நாடகமும் சினிமாவும் அரசியலைச் சுமந்த கதையை 1981இல் புத்தகமாக்கினார். தமிழ் சினிமா பற்றிய அடுத்த நூலுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு கையில் சினிமா என்றால் மறு கையில் பறவையும் காட்டுயிரும். நாட்டு நாய்களைப் பற்றியும் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

அந்தக் கல்லூரிக்கு வெளியிலும் இப்படி ஒருவர் இருந்தார். ஐராவதம் மகாதேவன் 1954இல் ஐ.ஏ.எஸ்ஸில் சேர்ந்தவர். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியிடம் போய்ப் பேசியபோது, குகைக் கல்வெட்டுகளைப் பார்க்கச் சொன்னார் அவர். அந்த ஒரு பேச்சுதான். 1977இல் சிந்துவெளிக் குறியீடுகளின் தொகுப்பு, 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர் பொறுப்பு, 2003இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் பெருநூல். தாம்பரத்தில் சிரோமணியும் அப்துல் ஹக்கும் சிந்து எழுத்துகளைக் கணினியில் போட்டு ஆராய்ந்ததற்கு மகாதேவனின் தொகுப்பே அடிப்படை. சிரோமணியையும் மகாதேவனையும் இணைத்தது எந்தப் பாடத்திட்டமும் அல்ல.

இன்னும் பின்னால் போனால் பல்லாவரம். 1863 மே மாதம் அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் தொல்பழங்காலத்துக்கு வாசல் திறந்தார். அவரும் தொல்லியலாளர் இல்லை, நிலவியலாளர்.

இப்போது பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் நிலத்தில் ஐ.டி. வளாகம் நிற்கிறது. ஜி.எஸ்.டி. சாலை நெடுக, பல துறைகளையும் இணைத்துச் சொல்லித்தருவதாகக் கல்லூரிகள் விளம்பரம் வைத்திருக்கின்றன. என் அண்ணன் மகள் அந்த ஐ.டி. வளாகத்தில்தான் வேலை பார்க்கிறாள். தமிழ்க் கையெழுத்தைக் கணினி படிக்க வைக்கும் வேலை. நாலைந்து கிலோமீட்டரில் ஒருவர் 1978லேயே அச்செழுத்துக்கு இதைச் செய்து பார்த்தார் என்று சொன்னேன்.

"நிஜமாவா சித்தப்பா? எங்க டீம்ல ஒருத்தருக்கும் தெரியாதே" என்றாள். உடனே, "கல்வெட்டு படிச்சவங்க யாராவது கூட உட்கார்ந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்? ஆனா யாருக்கு நேரம்?" என்றும் கேட்டாள். ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண். அவள் கேட்டதில் தவறே இல்லை.

அன்று பல்துறை என்ற பெயரில்லாமல் காரியம் நடந்தது. இன்று அந்தப் பெயர் விளம்பரப் பலகையில் பெரிதாக நிற்கிறது, உட்கார்ந்து பேச மாலை இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனை (வங்கியில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார்) அண்மையில் ரயில் நிலையத்தில் பார்த்தேன். "உங்க காலேஜ்ல 'நீ எந்த டிபார்ட்மென்ட்'னு கேட்க மாட்டாங்களாண்ணே?" என்றேன்.

"கேப்பாங்க. கேட்டுட்டு, சரி வா, இதைக் கொஞ்சம் பாருன்னுவாங்க" என்றார்.

பிள்ளைக்கு ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுத்துத் தரும் பெற்றோர், மற்ற குரூப்பின் புத்தகங்களையும் வாங்கி வீட்டில் வைக்கலாம். அரசுப் பாடநூல்கள் விலை குறைவுதான். கல்லூரிகள் விளம்பரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை, வேறு வேறு துறை ஆசிரியர்கள் மாலையில் ஒன்றாக உட்கார ஒரு கூடத்துக்கும் தேநீருக்கும் கொடுக்கலாம்.

கிஃப்ட் சிரோமணி 1988இல் காலமானார். ராணி சிரோமணி 2019இல். கிஃப்ட் சிரோமணியின் கட்டுரைகளைச் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். கோலம் பற்றியவற்றையாவது கணிதம் தெரிந்த யாராவது நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும். தினமும் கோலம் போடுகிறவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும்.